குவாட் பைக் கவிழ்ந்த பிறகு: ஆஸ்திரேலியப் பண்ணைகளின் கதை

பண்ணையில் ஆளைக் கொல்லும் மெஷின் எது என்று கேட்டால், பல நாடுகளிலும் முதலில் வரும் பதில் டிராக்டர். ஆஸ்திரேலியாவில் அந்த இடத்துக்குப் பல ஆண்டுகளாகப் போட்டி போட்ட இன்னொரு வண்டி உண்டு. பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். அதுதான் குவாட் பைக். 2011 முதல் 2018 வரையிலான கணக்கைப் பார்த்தால், அந்த நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 16 பேர் இந்த வண்டியால் இறந்திருக்கிறார்கள். தினமும் சுமார் ஆறு பேர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார்கள், அதில் இரண்டு பேராவது வார்டில் சேர்க்கப்பட்டார்கள். செத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வண்டி கவிழ்ந்து செத்தவர்கள்.

இந்த எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது என்பதில் அரசும், விவசாயிகளும், டாக்டர்களும், வண்டி செய்யும் கம்பெனிகளும் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் உலகின் பெரிய பிராண்டுகள் சில அந்தச் சந்தையை விட்டே வெளியேறின. அந்தச் சண்டையைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி

நம் ஊரில் இதைப் பீச்சில் வாடகைக்கு விடும் வண்டியாகத்தான் பலர் பார்த்திருப்பார்கள். மோட்டார் சைக்கிள் போலக் கால் இரண்டு பக்கமும் போட்டு உட்காரும் சீட், ஹேண்டில்பார், நான்கு பலூன் டயர். டயரில் காற்று பெரும்பாலும் ஐந்து பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். சேற்றிலும் மணலிலும் புதையாமல் போவதற்காக அப்படி. பண்ணை வேலைக்கான வண்டி ஆள் இல்லாமலேயே 250 முதல் 300 கிலோ வரை இருக்கும்.

முன்னால் இருந்தது மூன்று சக்கர வண்டி. அது சகட்டுமேனிக்குக் கவிழ்ந்ததால் 1988-இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டில் கம்பெனிகள் அதன் விற்பனையை நிறுத்தின. நான்கு சக்கரம் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைத்தார்கள்.

ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பண்ணைகளில் இது குதிரைக்கும் பழைய மோட்டார் சைக்கிளுக்கும் மாற்றாக வந்தது. செம்மறி ஆட்டையும் மாட்டையும் ஓட்டி வருவது, தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது, வேலி சரிபார்ப்பது, களைக்கு மருந்து அடிப்பது என்று காலை முதல் மாலை வரை வேலை. பின்னால் ரேக்கில் நாய் ஏறிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒற்றை ஆளாக வேலை செய்பவருக்கு இது இரண்டாவது கால் மாதிரி.

அந்த நீளமான சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பேர் உட்காரலாம் போலத் தெரியும். ஆனால் அது ஒருவருக்கு மட்டும். திருப்பத்திலும் ஏற்றத்திலும் ஓட்டுபவர் முன்னும் பின்னும் நகர்ந்து எடையை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை நீளம். ‘பின்னால் ஆளை ஏற்றாதே’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஸ்டிக்கர் ஒன்று சொல்கிறது, சீட் ஒன்று சொல்கிறது. நம் ஊரில் டிராக்டர் மட்கார்டில் ஆள் உட்கார்ந்து போவதைப் பார்த்தவர்களுக்கு, இதில் எது ஜெயிக்கும் என்று தெரியும்.

ஒரு சாதாரண நாள்

கீழே வருவது ஒரு குறிப்பிட்ட மனிதரின் கதை இல்லை. மரண விசாரணைகளிலும் ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வரும் அம்சங்களைக் கோத்து நானே அமைத்தது.

அறுபது வயது தாண்டிய பண்ணையாளர். முப்பது ஆண்டுகளாக ஓட்டுகிறார். பின் ரேக்கில் 60 லிட்டர் மருந்து டேங்க், கையில் ஸ்ப்ரே கன். மேய்ச்சல் நிலத்தின் சரிவில், குறுக்குவாட்டில், நடக்கிற வேகத்தில் போகிறார். முகம் முன்னால் இல்லை. தலையைத் திருப்பிச் செடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புல்லுக்குள் ஒரு மரக்கட்டை கிடக்கிறது. மேட்டுப் பக்கத்துச் சக்கரம் அதில் ஏறுகிறது.

இப்போது கணக்கு. வண்டியும் ஆளும் சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதி 44 சென்டிமீட்டர். 44-ஐ 80-ஆல் வகுத்தால் 0.55. அதற்குரிய கோணம் கிட்டத்தட்ட 29 டிகிரி. அதாவது அசையாமல் நிற்கும் வண்டியை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே போனால், 29 டிகிரியில் பக்கவாட்டில் கவிழும். கேட்டால் ‘அப்பா, அவ்வளவு சரிவில் யார் ஓட்டப் போகிறார்கள்’ என்று தோன்றும்.

ஆனால் இவர் ஓட்டும் சரிவு ஏற்கெனவே 17 டிகிரி. மரக்கட்டை 20 சென்டிமீட்டர் உயரம். 88 சென்டிமீட்டர் அகலமுள்ள வண்டியின் ஒரு பக்கம் அவ்வளவு தூக்கினால் இன்னும் ஏறக்குறைய 13 டிகிரி சேர்கிறது. மொத்தம் 30. டயரும் சஸ்பென்ஷனும் இதில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் டேங்கில் பாதி தண்ணீர் பள்ளப் பக்கமாக ஓடும். சக்கரம் ஏறிய வேகம் வேறு ஒரு உதை கொடுக்கும். டேங்கின் பாரம் மையத்தை மேலேயும் பின்னாலேயும் தள்ளியிருக்கும். பல மாடல்களில் பின் ரேக்குக்கு அனுமதி 60 முதல் 90 கிலோ வரைதான். 60 லிட்டர் டேங்க், அதன் பம்ப், குழாய் எல்லாம் சேர்த்தால் சில வண்டிகளில் அந்த வரம்பே தாண்டிவிடும்.

பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருப்பது இன்னொரு சிக்கல். காரில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கம் மெதுவாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் இருக்கிறது. வேலைக்கான பழைய குவாட் பைக்குகள் பலவற்றில் பின்னால் அது கிடையாது. ஈரப் புல்லில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். கெட்டித் தரையில் வண்டி முதலில் திரும்ப மறுக்கும், அப்புறம் திடீரென்று வெட்டித் திரும்பும்.

சரி, கவிழ்ந்துவிட்டது. வேகம் இல்லை, தூக்கி எறியப்படவில்லை, எலும்புகூட முறியாமல் இருக்கலாம். 280 கிலோ வண்டி நெஞ்சுக்கு மேலே கிடக்கிறது. நெஞ்சு விரிந்தால்தான் மூச்சு உள்ளே போகும், அது விரிய முடியவில்லை. யாராவது பக்கத்தில் இருந்து இரண்டு பேராகத் தூக்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் யாரும் இல்லை. போன் பாக்கெட்டில் இருந்தாலும் கை எட்டாது, அந்த இடத்தில் சிக்னலும் இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆள் வரவில்லையே என்று வீட்டில் தேடத் தொடங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ரஃபேல் கிரெபீட்டாவும் ஜார்ஜ் ரெக்னிட்சரும் சேர்ந்து நடத்திய ஆய்வுத் திட்டத்தில் பழைய மரண விசாரணைக் கோப்புகளை எடுத்துப் படித்தார்கள். பண்ணை வேலையில் செத்தவர்களில் பலர் இப்படி வண்டிக்கு அடியில் மாட்டி, மூச்சுவிட முடியாமல் செத்தவர்கள் என்று தெரிந்தது. சாகசம் செய்து பாய்ந்து விழுந்த இளைஞர்களின் மரணங்கள் பெரும்பாலும் வேறு ரகம்: தலையில் அடி, வேகம், பொழுதுபோக்கு. இந்த இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் ‘குவாட் பைக் விபத்து’ என்று போட்டுக்கொண்டிருந்ததுதான் பல ஆண்டுக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். தலைக்கவசம் இந்த இரண்டாவது ரகத்தில் உயிரைக் காப்பாற்றும். நெஞ்சில் வண்டி கிடப்பவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

‘ஓட்டத் தெரியவில்லை’

கம்பெனிகளின் பதில் நீண்ட காலம் ஒரே மாதிரி இருந்தது. பயிற்சி கொடுங்கள், தலைக்கவசம் போடச் சொல்லுங்கள், பெரியவர் வண்டியில் குழந்தைகளை விடாதீர்கள், பின்னால் ஆள் ஏற்றாதீர்கள், பாரம் மிஞ்சாதீர்கள். இதில் எதுவும் தவறில்லை. செத்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள், அவர்களுக்கு இந்த அறிவுரை நேரடியாகப் பொருந்தும்.

இதற்கு அடியில் ஒரு கோட்பாடு இருந்தது. ஓட்டுபவர் உடம்பால் ஓட்ட வேண்டும், மேட்டுப் பக்கம் சாய வேண்டும், தேவைப்பட்டால் எழுந்து நிற்க வேண்டும். அவர் எடையே வண்டியின் சமநிலையில் ஒரு பகுதி. இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. 90 கிலோ ஆள் 280 கிலோ வண்டியில் உட்கார்ந்தால் மொத்தத்தில் கால்வாசி அவர்தான். மூன்று டன் டிராக்டரில் அதே ஆள் மூன்று சதவீதம். குவாட் பைக்கில் அவர் சாய்ந்தால் நிச்சயம் வித்தியாசம் தெரியும்.

ஆனால் மேலே சொன்ன அறுபது வயதுக்காரரை மறுபடி பாருங்கள். முட்டி வலி, கையில் ஸ்ப்ரே கன், திரும்பிய தலை, காலை ஆறு மணி முதல் வேலை. அவரிடம் பந்தய வீரனைப் போல ஒவ்வொரு மேட்டுக்கும் உடம்பை வளைக்கச் சொல்வது நடைமுறையில் நடக்காத காரியம். வண்டியை விற்கும்போது விளம்பரத்தில் வேலைக்காரக் குதிரை என்று காட்டுகிறார்கள். விபத்து நடந்தபின் அது திறமைசாலிகளுக்கான வண்டியாகிவிடுகிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

இரும்பு வளைவு

இந்த இடத்தில்தான் ஓபிடி என்ற சாமான் வருகிறது. ஓட்டுபவர் பாதுகாப்பு அமைப்பு என்று பொருள். சீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஒரு வளைவு, அவ்வளவுதான். எடை பத்துப் பதினைந்து கிலோ. குயின்ஸ்லாந்தில் உருவான குவாட்பார் என்பது தலைகீழாகக் கவிழ்த்த கொண்டை ஊசி மாதிரி ஒரு குழாய். நியூசிலாந்தில் உருவான லைஃப்கார்டு என்பது துண்டு துண்டாகக் கோத்த பெரிய வளையம், ஆள்மேல் விழுந்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இது டிராக்டர் கூண்டு மாதிரி ஆளைச் சுற்றி நிற்பதில்லை, சீட் பெல்ட்டும் கிடையாது. இதன் வேலை ஒன்றே ஒன்று: வண்டி மல்லாந்தாலும் தரைக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் இடைவெளி மிஞ்ச வேண்டும். ஆள் ஊர்ந்து வெளியே வர, இல்லாவிட்டால் மூச்சு விட்டுக்கொண்டு காத்திருக்க. பல சமயம் அது வண்டியை முழுதாகப் புரளவிடாமல் பக்கவாட்டிலேயே நிறுத்திவிடும் என்பது கூடுதல் லாபம்.

கம்பெனிகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அவர்கள் காட்டிய ஆதாரம் கலிஃபோர்னியாவில் உள்ள டைனமிக் ரிசர்ச் நிறுவனத்தின் கணினி உருவகங்கள். வளைவு சில விபத்துகளில் காப்பாற்றும், சில விபத்துகளில் அதுவே ஆளை அடிக்கும், கூட்டிக் கழித்தால் பெரிய லாபம் இல்லை என்பது அவற்றின் முடிவு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அந்தக் கணக்கின் அடிப்படையையே கேள்வி கேட்டார்கள். எந்த மாதிரி விபத்தை எத்தனை முறை உள்ளே போடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தானே விடை வெளியே வரும்? பண்ணைச் சரிவில் மெதுவாக நடக்கும் கவிழ்தலுக்கு எவ்வளவு இடம் கொடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி.

2015-இல் குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸிலும் கரோனர்கள், அதாவது மரண விசாரணை நடத்தும் நீதித்துறை அதிகாரிகள், பல குவாட் பைக் மரணங்களை ஒன்றாகச் சேர்த்து விசாரித்து அறிக்கை கொடுத்தார்கள். தனித்தனியாக விசாரித்தால் ஒவ்வொன்றும் அந்த ஓட்டுநரின் கவனக்குறைவாகத்தான் தெரியும். வரிசையாக அடுக்கினால்தான் வண்டி தெரியும்.

டிராக்டர் காட்டிய வழி

இந்த வாதத்தைக் கேட்டால் டிராக்டர் வரலாறு படித்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஸ்வீடன் 1959-இல் புது டிராக்டர்களில் கவிழ்தல் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய அற்றுப்போனது. ஓட்டுநர்கள் திடீரென்று திறமைசாலிகள் ஆகிவிடவில்லை. டிராக்டர் கவிழ்ந்துகொண்டுதான் இருந்தது, அடியில் ஆள் நசுங்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990-களின் கடைசியில் பழைய டிராக்டர்களுக்குச் சட்டகம் மாட்ட, ஒரு வண்டிக்கு 150 டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். கூடவே சட்டம் வரப்போகிறது என்றும் அறிவித்தார்கள். சுமார் 12,000 டிராக்டர்களுக்குச் சட்டகம் ஏறியது. சின்னத் தொகைதான். ஆனால் காசும் கெடுவும் சேர்ந்து வந்தால் விவசாயி நகர்வார் என்பது தெரிந்தது.

அதே மாநிலம் 2016-இல் குவாட் பைக்குக்கும் அந்த வழியில் போனது. ஓபிடி வாங்கினால் ஒன்றுக்கு 600 டாலர் வரை. குவாட் பைக்கை விட்டுவிட்டு வேறு பாதுகாப்பான வண்டி வாங்கினால் 1,200 டாலர் வரை.

கடைவாசலில் சட்டம்

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் திருப்பம் பிரச்சினையை யார் கையில் எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு ஆஸ்திரேலியாவில் மாநிலங்களின் பொறுப்பு. அந்த அதிகாரிகள் பண்ணைக்குப் போய்ப் பண்ணையாளரைத்தான் பிடிக்க முடியும். அவரே முதலாளி, அவரே தொழிலாளி, அந்த நிலமே அவர் வீடு. யாரைப் பார்த்து நோட்டீஸ் கொடுப்பது? செத்தவருக்கா?

2017-இல் மத்திய அரசின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் உள்ளே நுழைந்தது. நுகர்பொருள் ஆபத்தானால் தலையிடும் அமைப்பு அது. அவர்கள் பார்வையில் குவாட் பைக் ஒரு சரக்கு, கடையில் விற்கும் பொருள். ஓட்டுபவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியே தேவையில்லை. இந்தப் பொருளை இந்த நாட்டில் விற்க என்ன தகுதி வேண்டும் என்று கேட்டால் போதும். தரம் வந்த சமயத்தில் ஆணையத்தின் துணைத் தலைவராக இருந்த மிக் கியோ விவசாயப் பொருளாதாரத்தில் பழுத்தவர். தேசிய விவசாயிகள் கூட்டமைப்பும் கிராமப்புற மருத்துவர்கள் சங்கமும் ஆணையத்தின் பக்கம் நின்றன. விவசாயிகளின் அமைப்பே ‘எங்கள் வண்டிக்குக் கட்டுப்பாடு போடுங்கள்’ என்று கேட்பது எந்த நாட்டிலும் அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை.

2019 அக்டோபரில் பாதுகாப்புத் தரம் சட்டமானது. இரண்டு கட்டங்கள். 2020 அக்டோபர் 11 முதல் பிரேக் முதலான விஷயங்களில் அமெரிக்க அல்லது ஐரோப்பியத் தரம், கவிழும் ஆபத்தைச் சொல்லும் எச்சரிக்கை லேபிள், அத்தோடு எத்தனை டிகிரியில் வண்டி கவிழத் தொடங்குகிறது என்று எண்ணில் போட்ட அட்டை. இந்த அட்டை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஃப்ரிட்ஜில் நட்சத்திரம் பார்த்து வாங்குவது போல இரண்டு வண்டியை ஒப்பிட்டு வாங்கலாம்.

இரண்டாம் கட்டம் 2021 அக்டோபர் 11. பொது வேலைக்கான ஒவ்வொரு புது குவாட் பைக்கிலும் ஓபிடி கட்டாயம். கூடவே குறைந்தபட்ச நிலைத்தன்மை: ஆளுக்குச் சமமான பொம்மையை உட்கார வைத்துப் பக்கவாட்டில் சாய்த்தால் 28.81 டிகிரிக்கு முன்னால் இரண்டு சக்கரம் தூக்கக் கூடாது. முன்னாலும் பின்னாலும் 38.65 டிகிரி. 28.81 என்பது ஏதோ விநோத எண் போலத் தெரியும். நாம் மேலே போட்ட 0.55-தான் அது, கோணமாக மாற்றியது. 38.65 என்பது 0.8.

பந்தய ரக வண்டிகளுக்கும் சிறுவர் வண்டிகளுக்கும் இரண்டாம் கட்டம் கிடையாது. உள்நாட்டில் கைமாறும் பழைய வண்டிகளை இந்தத் தரம் தொடவே இல்லை.

பிறகு

ஹோண்டா, யமஹா, போலாரிஸ் மூன்றும் ஆஸ்திரேலியாவில் குவாட் பைக் விற்பதை நிறுத்திக்கொண்டன. முன்கூட்டியே மிரட்டினார்கள், சொன்னபடி செய்தார்கள். பல ஊர்களில் டீலர்கள் கோபப்பட்டார்கள். நியாயமான கோபம்தான், அவர்கள் வியாபாரம் அடிபட்டது. ஓபிடி பொருத்தி விற்கத் தயாராக இருந்த வேறு பிராண்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன. 28.81 டிகிரியை எட்ட வண்டியை மறுபடி வடிவமைக்க வேண்டிய அளவுக்கு அந்தச் சந்தை பெரிசில்லை என்று பெரிய கம்பெனிகள் கணக்குப் போட்டிருக்கலாம். உலகத்துக்கே ஒரு மாடல் செய்பவர்களுக்கு ஒரு நாட்டுக்காக மாற்றுவது தலைவலிதான். இருந்தாலும் வளைவு ஆபத்தானது என்ற வாதமும் சந்தை சின்னது என்ற கணக்கும் ஒன்றல்ல. இரண்டையும் கலந்து பேசியபோது முதல் வாதத்தின் கனம் குறைந்துபோனது.

விவசாயிகளில் கணிசமானோர் சைடு பை சைடு வண்டிக்கு மாறினார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட், ஸ்டீயரிங், பின்னால் சின்ன டிரே, மேலே கூண்டு, சீட் பெல்ட். அகலம் கூடுதல், கவிழ்வது கடினம். கவிழ்ந்தாலும் கூண்டு தாங்கும், ஆனால் ஆள் கூண்டுக்குள் இருந்தால்தான். பெல்ட் போடாதவர் பாதி வெளியே வீசப்படுவார். காப்பாற்ற வேண்டிய கூண்டின் குழாயே அவர்மேல் விழும். இந்த ரக வண்டியில் நடக்கும் சாவுகளைப் படித்தால் பெல்ட் இல்லை என்ற வரி சலிப்பூட்டும் அளவுக்கு வந்துகொண்டே இருக்கும்.

ஏன் போடுவதில்லை என்பதற்குப் பண்ணையைத்தான் பார்க்க வேண்டும். மேய்ச்சல் நிலம் தடுப்பு தடுப்பாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு வேலியிலும் ஒரு கேட். இறங்கித் திறக்க வேண்டும், வண்டியை உள்ளே விட்டு மறுபடி இறங்கி மூட வேண்டும், இல்லாவிட்டால் ஆடு கலந்துவிடும். பத்து கேட் என்றால் இருபது முறை பெல்ட்டை அவிழ்த்துப் பூட்ட வேண்டும். மூன்றாவது கேட்டிலேயே பெல்ட் சீட்டுக்குப் பின்னால் நிரந்தரமாகப் பூட்டப்பட்டுவிடும், அலாரம் கத்தாமல் இருப்பதற்காக.

சில மாடல்களில் பெல்ட் போடாவிட்டால் வேகம் சுமார் 25 கிலோமீட்டருக்கு மேல் ஏறாது. ஆனால் முதுகுக்குப் பின்னால் பூட்டிய பெல்ட்டையும் அந்த சென்சார் போட்ட பெல்ட்டாகத்தான் எடுத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், ஷெட்டில் நிற்கும் பழைய குவாட் பைக்குகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கின்றன. புது வண்டியின் விலை ஏறியதால் சிலர் அவற்றை மாற்றுவதைத் தள்ளிப்போட்டும் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பின்னால் வளைவு மாட்டச் சில போல்ட்டும் ஒரு மத்தியானமும் போதும்.